மூன்று மணிக்குத் தாவும் கோடு

கணினித் திரையில் கோடு மறுபடியும் தாவியிருந்தது. மூன்று மணிக்கு மேல்நோக்கி ஒரு தாவல், ஐந்து மணிக்குக் கீழ்நோக்கி ஒரு தாவல்.

"நாலு நாளா இதே கூத்து," என்றாள் அம்மா. "நாளைக்குள்ள காரணம் தெரியலன்னா, மத்தியானம் பறந்ததெல்லாம் குப்பைதான். விமானம் நாளன்னைக்கு வேற ஊருக்குக் கிளம்பிடும்."

வாண்டுவுக்குப் பாவமாக இருந்தது. அம்மாவின் வேலை அப்படிப்பட்டது. குட்டி விமானத்தின் வாலில் ஒரு காந்தமானி. மண்ணுக்கடியில் இருக்கும் பாறைகளின் காந்தத்தை அது பறந்துகொண்டே அளக்கும். ஒரு பிடி மண்கூடத் தோண்டாமல் பாறைகளின் படம் கிடைத்துவிடும்.

ஆனால் பூமியின் காந்தம் பகலில் கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து கழிப்பதற்காக ஓடுதளத்தின் ஓரத்தில், தரையில் இன்னொரு கருவி. தாவியது அதன் கோடுதான்.

மறுநாள் பள்ளி விடுமுறை. வாண்டு அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக மூன்று மணிக்குக் காவல்கார மாமா தன் நாற்காலியை இழுத்துவந்து கருவியை ஒட்டிப் போட்டார்.

"ஏன் மாமா இங்க வந்துட்டீங்க?"

"நிழல் நகருதில்ல, நானும் நகர்றேன். அஞ்சு மணி வரைக்கும் இங்கதான். கருவிக்கும் காவலாச்சு. ஒரு ஆட்டை அண்ட விட்டிருப்பேனா?"

அவர் உட்கார்ந்திருந்தது கனத்த இரும்பு நாற்காலி.

வாண்டு ஓடினாள். "அம்மா, காரணம் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீ யாரையும் திட்டக்கூடாது."

"சரி, சொல்லு."

கேட்டுவிட்டு அம்மா தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள். "சூரியன்ல புயலோன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டோம்டி. அந்த இரும்பு நாற்காலி கோட்டை எவ்வளவு தூக்குதுன்னு அளந்து கழிச்சா போதும். தினமும் ஒரே இடத்துல உட்கார்ந்தாரே, பிழைச்சோம்."

வாண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்டதும் மாமாவின் முகம் வாடிவிட்டது.

"நானே கெடுத்துட்டேனா?"

"காப்பாத்தினதும் நீங்கதான் மாமா. இரும்பு நாற்காலியை எங்க போட்டீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்? நீங்க காட்டினாத்தான் அம்மா அளக்க முடியும்."

மாமா நிமிர்ந்தார். நாற்காலியின் நாலு காலும் பதிந்த இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார்.

மாலையில் படம் தயாரானது. ஓடுதளத்துக்கு அடியில் சிவப்பாக ஒரு பட்டை நீண்டு கிடந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டார் மாமா.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி உருகி வந்து உறைஞ்ச பாறை," என்றாள் அம்மா.

மாமா படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றினார்.

"இவ்வளவு பெரியவரு கீழ படுத்திருக்காருன்னு யாருமே சொல்லலையே," என்றார்.