இரண்டு வரி ஆலோசகர்

தைப்பேயில் ஜூன் மாதத்து மழைக்கு நேரம் காலம் கிடையாது. குடையை மறந்த நாளாகப் பார்த்துத்தான் கொட்டும்.

நனைந்த தலையோடு நூடுல்ஸ் கடைக்குள் ஓடி வந்தாள் ருய்லின். ஒரே ஒரு நாற்காலிதான் காலி. எதிரே ஒருவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அங்கேயே உக்காரும்மா... அந்தத் தம்பி ஒண்ணும் கடிக்காது!" என்றாள் கடைக்காரி.

உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசை ஷூஃபன் அக்கா.

"இல்லக்கா, இன்னும் வரல! பன்னிரண்டு ஆலோசகர்ல பதினோரு பேர் குறிப்பு வந்தாச்சு. ஒருத்தர் மூணு பக்கம் அனுப்பியிருக்கார்... சின்ன வயசுல பேச்சுப் போட்டியில ஜெயிச்சது வரைக்கும்! இந்த ஃபாங் செங்யாவ் மட்டும் ரெண்டே வரி. 'நீர்மூழ்கிக் கப்பல், பதினோரு வருடம். பிறகு ஓய்வு.' அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆளையே காணோம். தண்ணிக்கு அடியிலேயே தூங்கிட்டாரா என்ன?"

எதிரே இருந்தவனுக்குப் புரையேறியது. இருமி, தண்ணீர் குடித்து, மெல்ல நிமிர்ந்தான்.

"தூங்கலைங்க... மேல வந்துட்டேன். நான்தான் அந்த செங்யாவ்."

ருய்லினுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆவி பறக்கும் கிண்ணத்துக்குப் பின்னால் அவன் கண்கள் சிரித்தன. ஆனால்... அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. வெளிச்சம் போய்ச் சேராத ஆழம் மாதிரி.

'கடவுளே, இந்த மேசை இப்படியே பிளந்து என்னை விழுங்கிடக் கூடாதா...'

பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் அவளுக்கு இதுதான் வேலை. புதிய பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு வரும் பன்னிரண்டு ஆலோசகர்களின் பின்னணியைச் சேகரித்து, கையேடாக்கி, அச்சுக்கு அனுப்ப வேண்டும். தளபதியாக இருந்தவர், தூதரகத்தில் இருந்தவர், ஏவுகணையைப் பற்றியே இருபது வருடம் எழுதியவர்... எல்லோருடைய வாழ்க்கையும் அவளுக்கு மனப்பாடம். சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னால் அவளுக்கு அரை வரி தேறாது.

மறுநாள் அவனே அலுவலகத்துக்கு வந்தான்.

"சொல்லுங்க சார். அந்த ரெண்டு வருஷம்?"

"சிப்பி உடைச்சேன்."

"சார், கிண்டல் பண்ணாதீங்க."

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கோடு கோடாகத் தழும்புகள்.

பிங்குன் என்று ஒரு நண்பன். ஒரே கப்பலில் பதினோரு வருடம். ஒரு புயல் நாளில் கப்பல் கடலடியில் தட்டி நிற்க, பின்னறைக்குள் அவன் மட்டும் மாட்டிக்கொண்டான். மீட்புக் கப்பல் தூரத்துத் துறைமுகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் காற்று தீர்ந்துவிட்டது.

"அவங்க அம்மா தோங்ஷி கடற்கரையில தனியா, கூலிக்குச் சிப்பி உடைச்சிட்டிருந்தாங்க. போய்ப் பக்கத்துல உக்காந்தேன்... ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. இத்தனை மேதைங்களுக்கு நடுவுல இதைப் போய் எப்படிங்க எழுதறது?"

"அப்புறம் எதுக்கு இந்தக் குழுவுக்கு வரீங்க?"

"ஒரே ஒரு விஷயம் பேச. மீட்புக் கப்பல் எப்பவும் பக்கத்துலயே தயாரா நிக்கணும். பேசிட்டு வரேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

அன்று மாலை ருய்லின் மூன்றாவது வரியைச் சேர்த்தாள். 'இரண்டு ஆண்டுகள், தோங்ஷி கடற்கரையில், நண்பனின் தாயோடு அமர்ந்து சிப்பி உடைத்தார்.'

அவன் அதை வெகு நேரம் படித்தான். அதற்குப் பிறகு நான்கு முறை வந்தான்.

"இன்னிக்கு என்ன தப்பு சார்?"

"ஒரு கமா... எடுத்துடணும்."

"அதை நேத்தே எடுத்தாச்சே!"

"அப்படியா... அப்ப திரும்பப் போட்டுடலாம்."

ஷூஃபன் அக்கா கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். "ஏம்மா, இந்த மூணு வரிக்கு இன்னும் எத்தனை மழை நனையப் போறாராம் உன் ஆலோசகர்?"

'உன்' என்ற அந்தச் சொல் ருய்லினின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

மாலையில் பேருந்து நிறுத்தம் வரை ஒரே குடையில் நடப்பார்கள். அவன் ஒரு தோள் முழுக்க நனைந்திருக்கும். அவள் ஒருநாள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா சீனாவின் ஸியாமென்காரி. கடல் தாண்டி மருமகளாக வந்தவள், அப்பாவோடு ஒத்துப்போகாமல், ருய்லினின் ஒன்பதாவது வயதில் திரும்பிப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் அழைப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். 'சாப்பிட்டியா?'

அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தான்.

குழுவின் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு உறுதிமொழிப் படிவங்கள் வந்தன. சரிபார்த்து மேலே அனுப்புவதும் அவள்தான். செங்யாவின் படிவத்தில் ஐந்தாவது கட்டத்தில் அவள் கண் நின்றது.

'உங்களுக்கு நெருங்கியவர்களின் குடும்பத்தார் எவரேனும் அக்கரைச் சீனாவில் வசிக்கிறார்களா?'

மற்ற பதினோரு பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். இவன் ஒரு பெயரை எழுதியிருந்தான். அவளுடைய பெயர். கீழே, 'தாயார், ஸியாமென்.'

அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தால் குழுவில் இடம் கிடையாது. மறைத்துப் பிடிபட்டாலோ, அவன் பேச்சை அப்புறம் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாசலில் மழை விடுவதற்காக நின்றிருந்தான்.

"என்னங்க இது?"

"உண்மைங்க."

"நான் உங்களுக்கு என்ன உறவு? நீங்க எதுவும் கேட்டதில்ல, நான் எதுவும் சொன்னதில்ல..."

"எனக்குச் சொல்லத் தெரியல. படிவத்துல கேட்டாங்க... எழுதிட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குழுவை விட்டு எடுத்துடுவாங்க!"

"எடுக்கட்டும். கப்பலைப் பத்தி வேற யாராவது பேசுவாங்க."

"பேச மாட்டாங்க! பதினோரு பேர் பின்னணியையும் எழுத்து விடாம படிச்சவ நான். அடியில மாட்டினவங்களை நினைக்கிறவர் ஒருத்தர்கூட அதுல இல்ல. நீங்க மட்டும்தான்."

"அப்ப என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?"

"இல்ல. பொய்யில்லாம எழுதுங்க." வெற்றுப் படிவத்தை அவனிடம் நீட்டினாள். "அம்மாவை இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. அதனால உங்க வாழ்க்கையில நானே இல்லாமப் போயிடறேன், அப்ப 'இல்லை'ன்னு எழுதறது உண்மையாயிடும். இன்னிக்கு விலகல் கடிதம் கொடுத்துட்டு அம்மாகிட்டயே போறேன். இனிமே ஃபோன் இல்ல, கடிதம் இல்ல, எதுவும் இல்ல."

"ருய்லின்..."

முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அவள் பெயர். எவ்வளவு நாள் காத்திருந்தாள் இதற்காக...

"நீங்க எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எழுதின பிறகு சொன்னா, அது பொய்ப் படிவமாயிடும்." அவள் கண் நிறைந்து வழிந்தது. "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை நாளா யார் யார் வாழ்க்கையையோ எழுதினேன். உங்களோடதுல மட்டும்தான்... எனக்கும் ஒரு ஓரம் கிடைக்காதான்னு ஏங்கினேன்."

அவன் அவள் கையிலிருந்த வெற்றுப் படிவத்தை வாங்கினான்.

"எனக்கு இது போதும்னு சொன்னா நம்பாதீங்க," என்றான். "போதாது. எந்தக் காலத்துலயும் போதாது."

பிறகு படிவத்தைச் சுவரில் வைத்து, ஐந்தாவது கட்டத்தில், ஒவ்வொரு கோடாக, 'இல்லை' என்று எழுதினான்.

அவள் வாங்கி, வழக்கம்போல் மேலிருந்து கீழ் வரை சரிபார்த்தாள்.

"கையெழுத்தை விட்டுட்டீங்க, சார்," என்றாள்.