ஆறாவது விரல்

"இந்தாங்க... இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்க!"

ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேல்விழி பையை நீட்டினாள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் காலை பஸ்ஸில், நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது வழக்கம். அன்றைக்குப் பெண்கள் பக்கம் எல்லா மடியும் நிரம்பிவிட்டது. ஆண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் ஒரே ஒரு மடிதான் பாக்கி.

"ஏற்கெனவே என் பை ஒண்ணு இருக்குங்க..."

"இருந்தா என்ன? ரெண்டா வச்சுக்கோங்க. பை என்ன கடிச்சா வைக்கப்போகுது?"

அவன் நிமிர்ந்தான். அடடா... கண்ணா அது! சிரிக்கட்டுமா வேண்டாமா என்று அவளிடமே கேட்கிற கண். வேல்விழி சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். எவ்வளவு நேரம்தான் அப்படி நிற்க முடியும்? ஆமத்தூர் வரைக்கும் நின்றாள்.

ஆமத்தூர் தாண்டியதும் மழை! வைகாசி வெயிலில் வெந்து கிடந்த பூமிக்கு எங்கிருந்தோ வழி தெரிந்து வந்த மழை... ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தன் பையை நனையவிட்டுவிட்டு, அவள் பையின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். 'லூசு' என்று நினைத்தாள். நினைக்கும்போதே சிரிப்பும் வந்து தொலைத்தது.

திருத்தங்கலில் கூட்டம் முட்டி மோதி இறங்கியது. சிவகாசி வந்ததும் திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார். அவனையும் காணோம், பையையும் காணோம்.

போச்சு!

தயிர்சாதம் போனால் போகட்டும்... பென் டிரைவ் போகலாமா?

வேல்விழிக்குச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வாள். அம்மாவுக்குக் கால் முறிந்ததிலிருந்து, மத்தியானத்துக்கு மேல் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொள்ள முதலாளி முத்துராமலிங்கம் சம்மதித்திருந்தார். "ஒரு ஃபைல் அங்கன இங்கன காணாமப் போச்சு, அப்புறம் முழு நாளும் ஆபீஸ்தான்" என்று ஒரு கண்டிஷனும் போட்டிருந்தார். முழு நாள் என்றால் அவள் வேலையை விட வேண்டியதுதான். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் வேறு நாதி கிடையாது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமும் இல்லை. அதனால் முடித்த ஃபைல்களை 'காப்பி' செய்யாமல் 'கட்' செய்து பென் டிரைவில் போட்டு எடுத்துவருவாள். ஆபீசில் இருப்பது போன வாரத்து அரைகுறை. ஆக, முப்பத்திரண்டு லேபிளும் முழுதாக இருந்தது அந்தக் கட்டைவிரல் நீளப் பென் டிரைவில் மட்டும்தான். பன்னிரண்டு மணிக்குப் பட்டாசுக் கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார். அவள் வேண்டாத சாமி இல்லை.

பத்து மணிக்கு பைண்டிங் பொன்னுத்தங்கம் அக்கா ஓடிவந்தாள்.

"ஏ வேலு! ஒரு பையன் சோத்துப் பையோட வாசல்ல நிக்கான்டி. நனைஞ்ச கோழி மாதிரி இருக்கான், பாக்கவே பாவமா இருக்கு!"

அவனேதான்! தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பை மட்டும் பாலித்தீன் கவருக்குள் பத்திரமாக இருந்தது.

"என் பேரு செழியன்ங்க. எறங்கும்போது கவனிக்காம ரெண்டு பையையும் தூக்கிட்டுப் போயிட்டேன்... மன்னிச்சிருங்க. அம்மாவுக்கு இப்பக் கால் எப்பிடி இருக்கு?"

நன்றி சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"எங்கம்மா காலு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பென் டிரைவ்ல லீவ் லெட்டர் இருந்துச்சு. அதைப் பாத்துத்தான் உங்க பேரு, பிரஸ்ஸு எல்லாம்..."

"யாரைக் கேட்டுத் தெறந்தீக?"

"தெறக்காம யாரு பைன்னு ஜோசியமா பாக்க முடியும்?"

"எங்க வச்சுத் தெறந்தீக?"

தயங்கித் தயங்கி அவன் வேலை பார்க்கும் பிரஸ்ஸின் பெயரைச் சொன்னான். வேல்விழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களுக்கு நேர் போட்டி அந்தப் பிரஸ்தான்! சீசனுக்கு முன்னால் படம் வெளியே போனால், அதே படம் வேறொரு கம்பெனிப் பெட்டியில் ஜம்மென்று வந்து உட்கார்ந்துவிடும்.

"காப்பி எடுத்தீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எடுத்தேங்க. எறங்கி நடந்ததுல பென் டிரைவ் நனைஞ்சிருந்துச்சு... போயிருமோன்னு பயந்து..."

"இப்பவே போயி அழிங்க! ஒண்ணு விடாம அழிங்க! உதவி பண்ற மாதிரி வந்து... சே!"

அந்தக் கண்ணிலிருந்த சிரிப்பு அணைந்துபோனது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள்ளேயே நடந்தான். மனசு ஏனோ சுருக்கென்றது. 'நல்லா வேணும்' என்று அதை அதட்டி உட்காரவைத்தாள்.

அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"அழிச்சுட்டேங்க. ரீசைக்கிள் பின்லயும் இல்லை. அப்புறம்... உங்க பையில..."

"போதும் சார்!"

டொக்கென்று வைத்தாள். அதே கோபத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பென் டிரைவைச் சொருகினாள். பென் டிரைவிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இருந்த ஃபோல்டருக்கு ஒரே பெயர். ஒன்றை இழுத்து ஒன்றின் மேல் போட்டாள். அதே பெயரில் ஃபைல்கள் இருக்கின்றன, மாற்றவா என்று கேட்டது கம்ப்யூட்டர். 'அவனைப் போல இதுவும் கேள்வி கேக்குது!' எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே தட்டு.

முடிந்ததும் சங்குசக்கரப் பெட்டிக்கு வரைந்த பாப்பாவைத் திறந்தாள். வெறும் கோடு! நிறமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள்... அதுவும் போன வாரத்துப் படம். ஆபீசின் பழைய ஃபோல்டரை இழுத்துப் பென் டிரைவில் போட்டிருக்கிறாள். ஐயோ... பத்து நாள் உழைப்பைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்!

மணி பதினொன்று. இருந்த ஒரே காப்பியையும் அழிக்கச் சொல்லிக் கத்தியது யார்? இவள்தானே! ரோஷமாவது மண்ணாவது... போனில் விழுந்திருந்த நம்பரை அழுத்தினாள்.

"செழியன் சாரா? நெசமாவே அழிச்சுட்டீகளா?"

"நெசமாத்தாங்க. சந்தேகம்னா வந்து பாருங்க."

"அழிக்கலைன்னு சொல்லுங்களேன்..." குரல் உடைந்தது. "ஒண்ணாவது வச்சிருக்கேன்னு சொல்லுங்க சார். நான்தான் திமிர்ல பேசிட்டேன். எல்லாம் போச்சு. வேலையும் போயிரும்..."

அவனுக்கும் கோபம் இருக்காதா பின்னே? வைத்துவிடுவானோ என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"அழாதீக. பையில பின்பக்கத்து ஜிப்பைத் தெறந்து பாருங்க."

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். ஜிப்புக்குள் ஒரு சிடி! கவரில் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து: '23.5.2007. லேபிள் 32. பாப்பாவின் இடது கையில் ஆறு விரல் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவும்.'

சிடியைப் போட்டாள். முப்பத்திரண்டும் பளபளவென்று வந்து நின்றன. பாப்பாவின் விரலை எண்ணினாள்... ஒன்று, இரண்டு... ஆறு! ஆறேதான்! வெறும் கோடாக இருந்தபோதே பிரஸ்ஸில் ஏழு பேர் பார்த்து 'ஓகே' சொன்ன படம் அது. லட்சம் பெட்டி அச்சான பிறகு தெரிந்திருந்தால்? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனுடைய பிரஸ்ஸுக்கு எவ்வளவு கொண்டாட்டம்!

"அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றது மேசையில் கிடந்த ரிசீவர். "அதுக்குள்ள வச்சுட்டீக."

வேல்விழி ரிசீவரை எடுத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாப்பா ஐந்து விரலோடு சிரித்தது. கம்பெனிக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கெளம்புத்தா, அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்று வழக்கம்போல் மத்தியானம் அனுப்பிவைத்தார் முதலாளி. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய படங்களை அழித்து இடம் பண்ணினாள்.

மறுநாள் காலை. அதே பஸ், அதே ஜன்னலோரம்... அவன் இருந்தான்! வேல்விழி நேராகப் போய் அவன் சீட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"அங்கன லேடீஸ் சீட்டு காலியா இருக்குங்களே..."

"எனக்கும் கண்ணு இருக்கு. பையைப் பிடிங்க."

வாங்கிக்கொண்டான். "உள்ள பென் டிரைவ் இருக்கா? போட்டி பிரஸ்காரன்கிட்டக் குடுக்கீகளே..."

"போட்டி பிரஸ்காரன்தானே விரலை எண்ணுனான்? எங்காளு ஒருத்தரும் எண்ணலையே." குரல் தணிந்தது. "நேத்துப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க."

ஆமத்தூர் வந்தது, போனது. இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. திருத்தங்கல் நெருங்கும்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"நேத்து எப்பிடி ரெண்டு பையோட எறங்குனேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"எப்பிடியாம்?"

"எறங்கும்போது கையில ரெண்டு பை இருக்குன்னே தெரியலைங்க. வழியெல்லாம் உங்களையே பாத்துட்டு வந்தேன்." காது சிவந்துபோயிற்று அவனுக்கு. "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்புன்னா நாளையிலருந்து வேற பஸ்ல போயிர்றேன்."

வேல்விழி கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவன் இறங்க வேண்டிய திருத்தங்கலில் பஸ் நின்றது. எழுந்தவன் முகம் வாடிப்போய்ப் பையை நீட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே கொண்டு போங்க."

"உள்ள பென் டிரைவ்..."

"வீட்டுல ஒரு காப்பி போட்டு வச்சுட்டேன்."

"அப்ப மத்தியானச் சோறு?"

"பத்து மணிக்குக் கொண்டாந்து குடுப்பீகள்ல?" தலை குனிந்தது, சிரிப்பு மட்டும் குனியவில்லை. "தெனமும்..."