திறக்கப்படாத அறிக்கை

மழையில் நனைந்த சீருடையோடு அவள் நேராக அவன் மேஜை முன்னால் வந்து நின்றாள். நகரக் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர். அவன் மத்திய உளவுப் பிரிவில் தகவல்களைச் சரிபார்க்கும் அதிகாரி.

“லாட்ஜ் அறை ஒண்ணுல வெடிமருந்து நெடின்னு அறிக்கை அனுப்பினேன் சார். பதினோரு நாள் ஆச்சு, பதிலே இல்ல.”

“தினமும் நூறு அறிக்கை வருது மேடம்.”

“நாங்க சொல்றது மேல வரணும்... நீங்க சொல்றது மட்டும் கீழ வராதா?”

இமையில் நின்றது மழைத்துளியா, கோபமா... தெரியவில்லை. அவன் கணினியில் தேடினான். அறிக்கை திறக்கப்படாமலே கிடந்தது. உள்ளே, அறை எடுத்தவனின் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ரயில் நிலையத்தைத் தகர்க்கத் திட்டமிட்டவன் என்று அவர்கள் தேடிவந்த ஆள். எந்த ஊரில் இருக்கிறான் என்பதுதான் இதுவரை தெரியாமல் இருந்தது.

மேலதிகாரியிடம் ஓடி அனுமதி வாங்கி, ரகசியக் கோப்பை அவளிடம் காட்டினான். ஆளை அடையாளம் காட்ட உடன் போனான். லாட்ஜுக்கு எதிரே, ஜீப்பில் நான்கு மணி நேரக் காத்திருப்பு.

“துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களா?”

“பேனாதான்.”

“அதையும் பதினோரு நாளா பிடிக்கல போல.”

அவன் சிரித்துவிட்டான். அவளும்தான்... ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மாலைக்குள் அந்த ஆளும் அவன் கூட்டாளியும் பிடிபட்டார்கள்.

அடுத்த வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் மத்தியப் பிரிவின் பெயர் மட்டுமே இருந்தது. அவன் இரண்டு முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனே காவல் நிலையத்துக்கு வந்தான். கைது பற்றி மேலே அனுப்பிய தன் அறிக்கையைத் திருத்தி எழுதி, அதன் நகலை அவள் முன் வைத்தான். முதல் வரியே, தகவல் அவளுடையது, பதினோரு நாள் படிக்காமல் விட்டது தன் தவறு என்றது.

“மேல என்ன சொன்னாங்க?”

“மெமோ கொடுத்தாங்க. இடமாற்றமும் வரலாம்.”

“எனக்காகவா இப்படி எழுதினீங்க?”

“இல்ல. நடந்தது அதுதான். உங்களுக்காகன்னா... இன்னிக்கு இங்க வந்ததுதான். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

வெளியே வயர்லெஸ் கரகரத்தது. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூணாவது தடவை ஏன் கூப்பிடல?”

“கோபமா இருக்கீங்கன்னு...”

“நானும் எனக்குக் கோபம்னுதான் நினைச்சேன். ஆனா ஒரு மாசமா போனையே பார்த்துட்டு இருந்தேன்...” நிமிர்ந்தாள். “அது கோபம் இல்ல.”