வாசலில் ஒரு சாய்தளம்

"கையை எடுங்கோ!"

"எடுத்தா விழுந்திடுவீங்கள்..."

சுதாஜினி திரும்பினாள். மழையில் நனைந்த இமைகள்... அவளைவிடப் பயந்துபோன இரண்டு கண்கள்.

மல்லாவியின் புதிய வாசிகசாலையில் அன்று திறப்புவிழா. படியோரத்துச் சாய்தளத்தில் பாதி ஏறியபோதுதான் அவளுடைய சக்கர நாற்காலி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் சறுக்க, அவன் ஓடிவந்து பிடித்திருந்தான்.

"இது ஏறுறதுக்குக் கட்டினதோ, விழுறதுக்கோ? எந்த மேசன்?"

"நான்தான்... நிரஞ்சன். இடம் காணாதெண்டு குத்தெனக் கட்டச் சொல்லிச்சினம். தூக்கிக்கொண்டு போய் உள்ள விடட்டோ?"

"நான் அரிசி மூட்டையோ?"

சாய்தளத்தைப் படம் எடுத்தாள். "கொழும்பில எங்கட மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டம். அங்க காட்டுவன்."

"என்ர பேரைப் போட்டிடாதேங்கோ..."

வந்த சிரிப்பை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொழும்பில் படத்தைக் காட்டிப் பேசினாள். மண்டபமே கைதட்டியது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்காமலே தூக்கி ஏற்றினார்கள், கேட்காமலே இறக்கினார்கள். பூட்டிய வீட்டைத் திறந்தாள். வீட்டார் எல்லாரும் போர்க்காலத்து ஷெல்லடியில் போனபிறகு, எதையும் சொல்ல அங்கே யாருமில்லை. 'தூக்கட்டோ' என்று கேட்டவன் அவன் ஒருவன்தானே... ஏன் இப்போது அவன் நினைப்பு?

மறுநாள் தூறலோடு வாசிகசாலைக்குப் போனாள். பழைய சாய்தளம் இல்லை. முற்றத்தைச் சுற்றி நீளமாக, மெல்ல உயர்ந்தபடி புதிது ஒன்று. தானாகவே உருட்டிக்கொண்டு கதவுவரை ஏறினாள். கண் கலங்கியது.

நிரஞ்சன் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றான்.

"பிடிக்க வரேல்லையோ?"

"வந்தா ஏசுவீங்கள்."

அவளுக்குள் பழைய ரோசம் எழுந்தது. "இரக்கப்பட்டுக் கட்டினதெண்டா எனக்கு வேண்டாம்."

"இது என்ர பிழை, திருத்தினன். இரக்கமெண்டா இதோட விட்டிருப்பன்..." அவன் தலை குனிந்தான். "என்ர வீட்டு வாசலிலயும் ஒண்டு கட்டிப்போட்டன்."

"அங்க ஆர் வீல்செயாரில?"

"ஒருத்தரும் இல்லை... நான் தனிய."

மழை இரைந்தது. அவள் அவன் கண்களையே பார்த்தாள். அங்கே இரக்கம் இல்லை. அவளுடைய வீட்டில் இருந்த அதே வெறுமைதான் இருந்தது.

"சரிவு பிழையெண்டா உடைக்கச் சொல்லுவன்."

"நீங்கள் வந்து ஏறிப் பாக்கும்வரைக்கும் உடைச்சு உடைச்சுக் கட்டுவன்."

"மழை விடட்டும்..." என்றாள் சுதாஜினி, மெல்ல. "வாறன்."