பித்தளை ஆணி

நேற்று மாலை அவன் தன் கையாலேயே போட்டு, மூடியைத் திருகி, போதாததற்கு ஸ்பேனரால் ஒரு முறுக்கும் முறுக்கிவிட்டு வந்த பித்தளை ஆணி, காலையில் கொட்டகை வாசற்படியில் ஈரமாகக் கிடந்தது.

குனிந்து எடுத்தான். அரை விரல் நீளம்கூட இல்லாத ஆணி. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான், உப்புக் கரித்தது. உள்ளே படகின் ஸ்பேர் மோட்டார் மரச்சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிமெண்டுத் தரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடக்க, கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாடையும், அதற்குள்ளிருந்து மெல்ல எழும் கடல்பாசி வாடையும் அடைத்துக்கொண்டு நின்றன. தண்ணீருக்குள் சுற்றும் விசிறியின் மூடி முறுக்கிய முறுக்கு மாறாமல் இருந்தது. கழற்றிப் பார்த்தான். ஆணி இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது.

இது மூன்றாவது நாள். முதல் நாள் தன் மறதி என்று நினைத்தான். இரண்டாம் நாள் எலி என்று நினைத்து, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எலி எந்த ஊரில் இருக்கிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டான். இன்று சிரிப்பு வரவில்லை.

நாளைக் காலை அவன் கடலுக்குப் போகிறான். நான்கு மாதத்திற்குப் பிறகு முதல் தடவை, அதுவும் தனியாக. ஸ்பேர் மோட்டாரை ஏற்றுவதா, விட்டுவிட்டுப் போவதா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. ஸ்பேர் இல்லாமல் போகிறவன் முட்டாள் என்று அவனே பத்துப் பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். ஆனால் இந்த மோட்டாரைத் தூக்கப் போனவன் ஒவ்வொரு தடவையும் பாதியில் விட்டுவிட்டு வந்தான்.

அந்த ஆணி செய்யும் வேலை சின்ன வேலைதான். மோட்டாரின் அச்சையும் விசிறியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். விசிறி பாறையில் மோதினால் ஆணி உடையும், மோட்டார் பிழைக்கும். ஆணி இல்லாவிட்டால் மோட்டார் ஜோராக ஓடும். விசிறி சுற்றாது, படகு நகராது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

நான்கு மாதத்திற்கு முன்பு பெரிய மோட்டாரின் ஆணி உடைந்தது. கடைவரை போகச் சோம்பல்பட்டு, ஸ்பேரில் இருந்ததை உருவிப் பெரியதில் போட்டான். இரண்டுக்கும் ஒரே அளவு. பெரியதின் மூடியை ஸ்பேனரால் இறுக்கினான். ஸ்பேரின் மூடியை வெறும் கையால் திருகி வைத்தான், நாளைக்குப் புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று. அன்று ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் கண்டது. விடிந்ததும் தம்பி மட்டும் படகை எடுத்துக்கொண்டு போனான். ஆணியைப் பற்றி அவனிடம் சொல்ல மறந்துவிட்டது. ஸ்பேனர் பெட்டியும் கொட்டகையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் படகு மட்டும் கிடைத்தது. பெரிய மோட்டாரில் பெட்ரோல் பம்பு போயிருந்தது. ஸ்பேரின் டேங்கில் ஒரு சொட்டு இல்லை. ஸ்பேர் ஓடியிருக்கிறதே, அப்புறம் ஏன் கரைக்கு வரவில்லை என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஸ்பேரின் மூடி கழன்று ஒரு மரையில் தொங்கியது. தம்பி திறந்து பார்த்திருக்கிறான். பெரிய மோட்டாரின் மூடியைச் சுற்றிக் கத்தி முனையால் நெம்பிய கீறல்கள், நூறாவது இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆணி இருந்திருக்கிறது, அதை எடுக்க ஒரு ஸ்பேனர் இல்லாமல் போயிருக்கிறது. அந்தக் கீறல்களின் மேல் அவன் பெயின்ட் அடித்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ஏத்திட்டீங்களா அத்தான்?"

டீ டம்ளரோடு தம்பி மனைவி நின்றிருந்தாள். அவன் ஆணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான்.

"யோசிக்கிறேன்மா. பாரம் ஜாஸ்தி."

"இருபது கிலோ ஒரு பாரமா? இந்த நாலு மாசத்துல நீங்க போட்ட தொப்பையே அதுக்கு மேல இருக்கும்."

நான்கு மாதத்தில் அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. தொங்கும் மோட்டாரையே பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் இதுகிட்ட உக்காந்தா வீட்டுல ஆபரேஷன் நடக்குதுன்னு சொல்லிச் சிரிப்போம்."

உண்மைதான். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் தம்பி பேச மாட்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டி, நான்கு விரல்களையும் ஒரு தரம் மடக்கி விரிப்பான். இவன் அதில் ஸ்பேனரை வைப்பான். மறுபடி கை நீண்டால் ஆணி. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை.

"நல்லா ஓடுற மோட்டாருதானே இது? ஓடித்தானே டேங்கு காலியாச்சு?" அவள் குரல் தணிந்தது. "அப்புறம் ஏன் அத்தான் அவரு வரல?"

ஊரெல்லாம் கேட்ட கேள்விதான். அவனிடம் இப்போதுதான் கேட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஆணி உள்ளங்கையில் குத்தியது.

"தெரியலம்மா."

கீச்.

மோட்டாருக்குள்ளிருந்து வந்த சத்தம். இரும்பில் கத்தி முனையை இழுக்கிற மாதிரி, ஒரே ஒரு தரம். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஸ்பேர் இல்லாம உங்கள அனுப்ப மாட்டேன். இன்னொரு ஆளையும் கடலுக்குக் குடுக்க எங்களால முடியாது" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அத்தோடு முடிவாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை, பம்பு மாற்றிய பெரிய மோட்டாரையும் ஸ்பேரையும் படகின் பின்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினான். ஸ்பேரில் ஆணி போட்டான். ஸ்பேனரை மடியிலேயே செருகிக்கொண்டான். ஐந்து ஆணிகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பார்த்தான்; கலகலவென்றது. அந்தச் சத்தத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது.

இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. சூரியன் ஏறியும் பனிமூட்டம் கலையவில்லை. காற்று சுத்தமாக நின்று, தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்க, கரை எந்தப் பக்கம் என்பதே தெரியாத ஒரு வெளுப்பு நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டது. மோட்டார் சத்தம் அந்த வெளுப்பில் முட்டித் திரும்பி அவன் காதுக்கே வந்து சேர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை.

அப்போதுதான் பெரிய மோட்டாரின் சத்தம் மாறியது. பாரம் இறக்கிய வண்டி மாதிரி திடீரென்று லேசாகி, உச்சத்துக்கு ஏறிக் கத்தியது. படகு தளர்ந்தது. நின்றது.

அணைத்துத் தூக்கிப் பார்த்தான். மூடி இறுகித்தான் இருந்தது. அவன் அடித்த பெயின்ட் மட்டும் உரிந்துபோய், அடியிலிருந்த கீறல்கள் அத்தனையும் புதிதாகக் கீறினவைபோல் பளபளத்தன. ஸ்பேனர் போட்டுக் கழற்றினான். துளைக்குள் ஆணி இல்லை. தம்பிக்கு எட்டாமல் போன அந்த ஆணி இல்லை.

மூடியைப் பூட்டி, மோட்டாரை இறக்கினான். ஸ்பேர் இருக்கிறது. ஸ்பேர் இருக்கிறதல்லவா. கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. கியரைப் போட்டான். எட்டிப் பார்த்தான்.

விசிறி சுற்றவில்லை.

தகர டப்பாவை எடுத்தான். குலுக்கினான். கலகலவென்ற சத்தம் வரவில்லை. தளும்பியது. மூடியைத் திறந்தான். விளிம்பு வரைக்கும் கடல் தண்ணீர். கவிழ்த்துக் கொட்டினான். தண்ணீர் மட்டும்தான்.

கீச்.

படகுக்கு அடியில்.

கீச். கீச்.

இறக்கிவைத்த பெரிய மோட்டாரின் மூடியில். பொறுமையாக. ஒரே இடத்தில். அவன் காதைப் பொத்திக்கொண்டான். பலகை வழியாக முழங்காலில் கேட்டது.

"சொல்லியிருக்கணும்டா" என்றான். "மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

சத்தம் நின்றது.

இரண்டு மோட்டார்களுக்கும் நடுவில் தண்ணீர் லேசாக விலகியது. ஒரு கை மேலே வந்தது. ஊறி வெளுத்த கை. நகங்கள் தேய்ந்து சதையோடு சதையாக இருந்தன. உள்ளங்கை வானத்தைப் பார்த்தது. நான்கு விரல்களும் ஒரு தரம் மடங்கி விரிந்தன.

இருபது வருஷப் பழக்கம். அவன் யோசிக்கவில்லை. மடியிலிருந்த ஸ்பேனரை உருவி அந்தக் கையில் வைத்தான். ஐஸாகச் சில்லிட்டது. கை அதை வாங்கிக்கொண்டு கீழே போனது. அடியில் மூடி கழலும் சத்தம். நிதானமாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வேலை தெரிந்த கை.

பிறகு அமைதி. ஸ்பேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. படகு ஒரு முழம் நகரவில்லை.

கை மறுபடி வந்தது. காலியாக. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், விளிம்பின் மேல் புறங்கையை ஊன்றி, உள்ளங்கையை விரித்தது.

அடுத்தது ஆணி.

அவன் டப்பாவைத் துழாவினான். சட்டைப் பையைத் துழாவினான். பலகை இடுக்குகளைத் துழாவினான்.

"எங்கிட்ட இல்லடா தம்பி" என்றான். "எங்கிட்ட ஒண்ணுகூட இல்லடா."

கை போகவில்லை. விரல்கள் இன்னொரு தரம் மடங்கி விரிந்தன.