இருநூற்று ஐம்பத்தாறு பேர் கொண்ட கட்டு

காலை ஆறு மணிக்கு மிக்கேல் இறந்தவர்களை எழுப்புவார். மந்திரவாதம் ஒன்றுமில்லை. அலமாரியில் இருக்கும் ஒன்பது பதிலிப் பெட்டிகளைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் விரலை வைத்து அழுத்த வேண்டும். அது ஒருமுறை பச்சையாக மினுங்கி, முத்துநகர் வலையத்துக்கு ‘இருக்கிறேன்’ என்று பதில் அனுப்பும். முதல் பெட்டி அவர் மனைவி பிலோமினாவுடையது. உயிரோடு இருந்தவரை எட்டு மணிக்கு முன்னால் கண் விழிக்காதவள், செத்த பிறகு நாலு வருடமாக ஆறு மணிக்கு டாணென்று ஆஜராகிறாள்.

“ஒன்னத் திருத்த எனக்கு இவ்வளவு நாளாயிருக்கு பாரு” என்று பெட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் காப்பி போடப் போவார்.

நங்கூரத் தெருவில் யாரும் சாவதில்லை. கப்பலுக்குப் போய்விடுவார்கள். பஸ்ஸில் திருச்செந்தூர் போவதற்குள் மூன்று முறை வாந்தியெடுக்கும் பிலோமினாவும் கப்பலில்தான் இருக்கிறாள் என்பது அரசாங்கப் பதிவு.

உலகத்தில் இணைய எண்கள் தீர்ந்துபோய் அறுபது வருடமாகிறது. நீளமான புதிய எண்கள் வருகின்றன என்று மிக்கேல் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்கிறார்கள். இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எண் இருந்தால் குழாயில் தண்ணீர் வரும், ரேஷன் கடைக் கதவு திறக்கும், ஆஸ்பத்திரி உங்களை ஆளாக மதிக்கும். எண்களைத் தனித்தனியாக நகர்த்தவும் முடியாது. இருநூற்று ஐம்பத்தாறு எண்கள் ஒரு கட்டு. அதைவிடச் சின்னத் துண்டை எந்த வலையத்தின் வழிகாட்டிப் பொறியும் கண்டுகொள்ளாது. நங்கூரத் தெரு ஒரு கட்டு. அதில் ஒரு எண் பதில் சொல்லாவிட்டால் சோதனைக்காரர்கள் வருவார்கள். ஐந்து என்றால் ‘பயன்பாடு போதாது’ என்று கட்டையே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஆகவே தெரு தன் சாவுகளை மறைத்தது. அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவர் மிக்கேல். எண்பெயர்ப்பு அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டரில் உட்கார்ந்து, இதே மோசடியைப் பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவரும் அவர்தான்.

அந்தக் கவுண்டருக்கு ஒருநாள் எதிர்வீட்டு ரெக்சலின் வந்தாள், எட்டு வயது மகள் ஜோவிட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அண்ணே, பிள்ள நெஞ்சுல வச்ச இதயத்துணைக் கருவி மறுபடியும் தப்பாத் துடிக்கு. மதுரையில ஒரு டாக்டரு இருக்காவளாம். அவுக அதுக்குள்ள போயிச் சரிபண்ணிருவாவளாம். ஆனா பிள்ளையோட எண்ணு வைகை வலையத்துல இருக்கணுமாம். இங்க இருந்தா அவுகளுக்கு எட்டாதாம்.”

“எவ்வளவு நாள் சொல்லுதாவ?”

“ஆறு மாசந்தான் தாங்குமாம். ஒரே ஒரு எண்ணுதானண்ணே. இவளுக்கு மட்டும் மாத்திக் குடுங்க.”

வைகை வலையத்தில் புது எண்ணுக்குப் பதினோரு வருடக் காத்திருப்பு. இருக்கிற எண்ணைப் பெயர்ப்பதென்றால் கட்டோடுதான். தெரு மொத்தமும் கடலை விட்டுவிட்டு மதுரைக்குக் குடிபோக வேண்டும். அதற்கு அத்தனை பேரும் நேரில் வந்து கட்டைவிரல் வைக்க வேண்டும். இதை அவர் சொன்னார்.

“போனவுக ஒம்பது பேருக்கு என்ன செய்ய?” என்று ரெக்சலின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அங்கேதான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மிக்கேலுக்கு எல்லாம் வரும், அந்த ஒரு சொல்தான் வராது. ஜோவிட்டா வேறு அவருடைய ரப்பர் முத்திரையைத் தன் புறங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ மத்தவுகளக் கேட்டுப் பாரு.”

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை எந்த முனையில் கட்டுவது என்பதிலேயே பத்து வருடமாக ஒத்துவராத தெரு அது. ஊரை விட்டுப் போக ஒத்துக்கொள்ளவா போகிறது? முடியாது என்பதைத் தெரு சொல்லட்டும், தன் வாயால் வேண்டாம் என்று கணக்குப் போட்டார்.

ரெக்சலின் நாலு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருநாள் படகு மெக்கானிக் கொறேரா கவுண்டரில் வந்து நின்றார்.

“மதுரையில படகு இஞ்சின் ரிப்பேருக்கு எவன்வே வருவான்? அந்த ஆத்துல கப்பல் விடணும்னா மொதல்ல தண்ணிய விடணும்.”

“அப்ப சம்மதிக்காதேரும்” என்றார் மிக்கேல், நம்பிக்கையோடு.

“சம்மதிச்சாச்சுவே. பிள்ள வாசல்ல வந்து நின்னுட்டு. பேசவே இல்ல, சும்மா நிக்கி. என்னத்தச் சொல்ல?”

மிக்கேல் போட்ட கணக்கு தப்பிவிட்டது. அன்றே தலைமையகத்துக்கு எழுதினார்: கப்பலில் இருக்கும் ஒன்பது பேருக்கு நேரில் வருவதிலிருந்து விலக்கு வேண்டும். மெழுகில் கட்டைவிரல் செய்து ரேகைப் பொறியில் வைத்துப் பார்த்தார். ‘விரல் குளிர்ந்திருக்கிறது, மருத்துவரை அணுகவும்’ என்றது பொறி.

பெயர்ப்பு நாளன்று தெருவே வந்தது. சட்டி, பானை, சுருட்டிய பாய், கூண்டில் ஒரு கோழி. மதியத்துக்குள் இருநூற்று நாற்பத்தேழு விரல்கள் பதிந்துவிட்டன, அவருடையதும் சேர்த்து. தலைமையகத்தின் பதில் அன்று காலையில்தான் வந்திருந்தது. ‘விலக்கு இல்லை. கப்பலில் உள்ளோர் கரை திரும்பும்வரை பெயர்ப்புக் காத்திருக்கலாம்.’

அவர் அதை உரக்கப் படித்தார்.

“செத்துட்டாவன்னு உண்மையச் சொல்லிருவோம்வே” என்றார் கொறேரா.

“சொன்னா ஒம்பது எண்ணு காலி. சாயங்காலத்துக்குள்ள கட்டப் பிடுங்கிருவான். ஜோவிட்டா எண்ணும் அதோட போயிரும்.”

ரெக்சலின் கவுண்டரை நெருங்கினாள். “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. நாலு மாசம், அண்ணே. வேற எங்கயாச்சும் போயி முட்டியிருப்பேன்லா.”

மிக்கேல் ரேகைப் பொறியை அணைத்தார்.

“அப்ப மதுரைக்குப் போகலையா மாமா?” என்று ஜோவிட்டா கேட்டாள். பிறகு கோழிக்கூண்டின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு ஜோவிட்டா ஏழு வாரம் உயிரோடு இருந்தாள். மணி அடிக்கவில்லை, திருப்பலி வைக்கவில்லை. பட்டப்பகலில், பிள்ளைகளுக்குப் பந்தும் பெரியவர்களுக்குச் சோற்றுத் தூக்குமாக, உல்லாசப் பயணம் போகிறவர்களைப் போலத் தெரு அவளைத் தூக்கிக்கொண்டு போய் உப்பளத்துக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்தது. எட்டு வயதுப் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப முடியாது. கொடைக்கானல் பள்ளி விடுதியில் சேர்ந்திருக்கிறாள் என்று பதிவில் எழுதியவர் மிக்கேல்.

ஜனவரியில் தேவைச் சான்று. எண் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அடுத்த இருபத்துநான்கு மாதங்களுக்கு அது எதற்கு வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ எழுதலாம். ரெக்சலின் வரிசையில் நின்று வந்தாள்.

“நீ போ ரெக்சலின். நான் எதையாச்சும் எழுதிக்கிடுதேன்.”

“வேண்டாம். நானே சொல்லுதேன். எழுதுங்க.” குரல் தெளிவாக இருந்தது. “மார்ச்சுல ஒம்பது முடியும். ஜூன்ல அஞ்சாப்பு. மேல்பல்லு ரெண்டும் ஆடுது, பல்லு டாக்டருக்கு ஒரு தடவ. கணக்கு வராது, அதுக்கு ஒரு டியூசன். அடுத்த வருசம் கோயில்ல மொதல் தடவையா நன்மை வாங்குத புதுநன்மை. வெள்ளக் கவுனு தைக்கணும், தையக்காரிக்கு அளவு அனுப்பணும்.”

எழுதிக்கொண்டே வந்த மிக்கேல் நிறுத்தினார்.

“அதுக்குள்ள எவ்வளவு வளந்திருப்பாண்ணே? என்ன அளவு போட?”

அவருக்கும் பிலோமினாவுக்கும் பிள்ளைகள் இல்லை. திரை, கட்டத்தை நிரப்பும்படி மினுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற கொறேரா, எண்ணெய்க் கறை படிந்த கையைத் தன் நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்தார். கொஞ்சம் யோசித்து, இரண்டு விரற்கடை உயர்த்தினார்.

“இந்த வயசுல கிடுகிடுன்னு வளருங்கவே” என்றார்.

மிக்கேல் இழுப்பறையில் கிடந்த அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வெளியே வந்தார். குனிந்து, தரையிலிருந்து அந்தக் கைவரைக்கும் அளந்தார். அளந்து முடிக்கும்வரை கொறேரா கையை அசைக்கவில்லை.