மிச்சக் கரண்ட்

ஏரியல் கம்பி இன்னும் மாட்டவில்லை. ஆனாலும் ரேடியோவில் சத்தம் வந்தது. ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சல் மாதிரி இல்லை. மூச்சு.

ஸ்தனிஸ்லாஸ் காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டினார். சூடேறிய வால்வுகளின் மேல் எத்தனையோ வருஷத் தூசி கருகுகிற வாசனையும், ஈயம் பற்றவைத்த புகையும், பக்கத்து அறையிலிருந்து டெட்டாலும் மூத்திரமும் கலந்து வருகிற வாடையும் ஒன்றாக மூக்கில் ஏற, அந்த மூச்சு மெல்ல மேலே வந்து, நுனியில் சளியில் லேசாக உரசி, ஒரு நொடி நின்று, இறங்கிப் போனது. அந்த உரசல் அவருக்குத் தெரியும். எட்டு மாசமாக, ஸ்ட்ரோக் வந்து படுத்ததிலிருந்து, அவர் மனைவி லூர்து இப்படித்தான் மூச்சு விடுகிறாள்.

ஸ்ரீரங்கத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வாங்கிய பெட்டி. விற்றவன் நல்ல கண்டிஷன் என்றான். அவர் நம்பவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். அடுத்தவன் பேச்சை நம்பி எந்த ஒயரையும் தொட்டதில்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். வேலை இருந்தால் பக்கத்து அறைக்குப் போக வேண்டாம்.

“அந்தப் பெட்டிக்குப் பாக்குற வைத்தியத்துல பாதி அம்மாவுக்குப் பாக்கலாம்ப்பா” என்றாள், உள்ளே லூர்துவைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஷெர்லின்.

“நீ பாக்குற லட்சணம் தெரியும். நேத்து கஞ்சி பாதி டம்ளர்லயே இருந்துச்சு.”

“அவங்க முழுங்கலேன்னா நானா குடிக்க முடியும்?”

அவர் வால்யூமைக் குறைத்தார்.

“அப்பா, இங்க வாங்க. அம்மாவுக்கு மூச்சு இறங்குது.”

கூட்டினார்.

“இப்பப் பரவாயில்லப்பா.”

பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். மறுபடி குறைத்தார். உள்ளே கிண்ணம் விழுந்து உருண்டது. கூட்டினார். எதையும் ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்து ஒத்துக்கொள்கிறவர் இல்லை. மூன்றாவது தடவை குறைத்தபோது ஷெர்லின் அழுதாள்.

கூட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பயமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

டாக்டரைக் கூட்டிவர ஷெர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு தில்லை நகர் போனாள்.

ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி, டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை என்று நேற்றே மெசேஜ் வந்திருந்தது. டயல் விளக்கு அணைந்தது.

மூச்சு நிற்கவில்லை. கரண்டைச் சேர்த்துவைக்கிற கண்டென்சரில் மிச்சமிருந்த கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நொடியில் தீர வேண்டிய கரண்ட். ஒரு நிமிஷம் ஆகியும் தீரவில்லை. மெலிந்துகொண்டே போனது.

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும். பிளக்கைப் பிடுங்கினார்.

நாற்பது வருஷப் பழக்கம். பிளக்கைப் பிடுங்கியதும் கை தானாக ஸ்குரூடிரைவரை எடுக்கும். கண்டென்சரின் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டு, மிச்சக் கரண்டைக் கொல்லும். ஷாக் அடிக்காமல் இருக்க. அப்புறம்தான் பெட்டியைத் தூக்குவது.

கை எடுத்தது. தொட்டது.

டப். நீலமாக ஒரு பொறி.

பெட்டியில் மூச்சு இல்லை. பக்கத்து அறையிலும் இல்லை.

ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. பிடித்தபடியே நின்றார்.

கட்டில் கிறீச்சிட்டது.

காலடி. ஈரக்கால். தரையில் ஒட்டி ஒட்டி.

லூர்து வந்தாள். நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. அவரைப் பார்க்காமல் குனிந்தாள். பிளக்கை எடுத்தாள். சொருகினாள். சுவிட்சைத் தட்டினாள்.

அணைத்தாள். போட்டாள். அணைத்தாள். போட்டாள்.

“அஞ்சு மணிக்குத்தான் வரும், லூர்து” என்றார்.

அவள் திரும்பினாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது.

திறந்திருந்த அவள் கண்ணில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கருவிழியின் மேல் நடந்தது. அவள் இமைக்கவில்லை.

மணி ஒன்பது ஐந்து.